மார்ச் இரண்டாம் திகதி மேட்ச்

மே 19

என் பட்ட ஆய்வுக்கு இன்றோடு ஒன்பது வினாக்கொத்து நிரம்பியது. முதல் கேள்வி: ‘நீங்கள் முன்மாதிரியாகக் கருதும் தொழில்முறை விளையாட்டு வீரர் யார்?’ ஒன்பது பேரில் ஏழு பேர் சொன்ன பெயர் பிரதாப். ஏழு தடவையும் எழுதினேன். என் சொந்த அண்ணனின் பெயர். யாரோ ஒருவரின் பெயரைப் படிவத்தில் நிரப்புவதுபோல எழுதினேன்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்த மீனம்மா அக்காவிடம், ஏன் அவரைப் பிடிக்கும் என்று கேட்டேன்.

“நம்ம லயத்துலேருந்து எத்தன புள்ளைங்க கொழும்புக்குப் போயிருக்கு. கடைக்குள்ள வேலைக்குப் போச்சுங்க, வீட்டுக்குள்ள வேலைக்குப் போச்சுங்க. போனதோட சரி. இவன் ஒருத்தன்தான் வெளிய தெரியிற எடத்துக்குப் போனான்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பன் செத்த அன்னைக்கும் எறங்கி வெளாடி கோல் அடிச்சானே. அந்த மனசு யாருக்கு வரும்?” என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.

அப்பா போய்ப் பதினோரு கிழமை. மார்ச் இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஃபெக்டரிக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். மாலைதீவில் ஒரு கிளப்புக்குக் கால்பந்து ஆடப் போன அண்ணன் வரவில்லை. மேட்ச் இருக்கிறது, கிளப்பில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று தகவல் வந்தது. அண்ணன் போட வேண்டிய முதல் பிடி மண்ணைச் சித்தப்பா மகன் போட்டான்.

மே 21

என் ஆய்வை மேற்பார்க்கும் ஜோசப்பின் மிஸ் கம்பஸிலிருந்து போனில் பேசினார். அவரும் தோட்டத்தில் பிறந்து விரிவுரையாளர் ஆனவர். அதனால்தான் தோட்டத்துச் சனம் யாரை முன்மாதிரியாகக் கருதுகிறது என்ற என் தலைப்புக்குச் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். அண்ணன் பெயர் இத்தனை தடவை வருகிறது என்று சொன்னேன்.

“அப்போ அவர் உங்க அண்ணன்னு முன்னுரையிலேயே எழுதிருங்க தனுஜா. மறைச்சா ஆய்வு கெட்டுப்போகும். அவரையும் ஒரு நேர்காணல் எடுங்க.”

சரி என்றேன். “நீங்க சரியாத்தான் இருக்கீங்களா?” என்றும் கேட்டார். அதற்கும் சரி என்றேன்.

மே 24

மேல் லயத்துப் பூரணி. வயது பதின்மூன்று. பாடசாலை அணிக்குக் கோல் காக்கிறாள். கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் தரையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

“பிரதாப் அண்ணன் மாதிரி வரணும்னு ஆசையா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் அவரு பேரச் சொன்ன?”

“அவரு மாதிரி வெளாட எனக்கு வராது. ஆனா அவரு இந்த ரோட்டுல நின்னுதானே பஸ் ஏறுனாரு. அதே ரோட்டுலதான் நானும் நிக்கிறேன்.”

குரலைப் பதிவு செய்தேன். இருபத்திரண்டு விநாடி. முன்மாதிரி பற்றிப் புத்தகங்களில் நான் வாசித்த வரைவிலக்கணங்கள் எதிலும் இது இல்லை.

மே 25

ஒன்றும் எழுதவில்லை. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனார், வந்தார். இருவரும் சாப்பிட்டோம்.

மே 30

செல்லசாமி மாமா எங்கள் தோட்டத்து விளையாட்டுக் கழகச் செயலாளர். அண்ணனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அப்பாவைப் புதைத்த இடத்தில் இரங்கல் பேசியவரும் அவர்தான். அண்ணன் அடித்த கோலைப் பற்றி முதலில் சொன்னது அங்கேதான். அழுதுகொண்டிருந்த சனம் நிமிர்ந்து பார்த்தது எனக்கு ஞாபகம்.

இன்று கேட்டேன். “மாமா, கோல் அடிச்சேன்னு அண்ணனே சொன்னுச்சா?”

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேட்ச்சுனுதான் சொன்னான். கோல நான் சேத்துக்கிட்டேன்.”

“ஏன்?”

“மவன் வரலையேன்னு சனம் மொணமொணன்னு பேசுச்சு. ஒங்கம்மா காதுலயும் விழுந்துகிட்டு இருந்துச்சு. என்னமாச்சும் ஒண்ணு குடுக்கணுமேம்மா.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘தகவலாளர் 14: கோல் செய்தியின் மூலம்’ என்று குறித்துக்கொண்டு, அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்டில் கழகம் ஒரு சுற்றுப்போட்டி நடத்தப்போகிறதாம். அண்ணன்தான் பிரதம விருந்தினர். எப்படியாவது வரச்சொல் என்கிறார்.

ஜூன் 4

வீரரின் தொழில் வாழ்க்கை பற்றி ஒரு அட்டவணை வேண்டும். தலவாக்கலைக்குப் போய் நெட் பிடிக்கிற இடத்தில் உட்கார்ந்து அண்ணனின் கிளப் பக்கத்தைத் தேடினேன். இந்த வருட அணிப் படம் இருந்தது. இருபத்து மூன்று பேர். மூன்று தரம் எண்ணினேன். முகமாகவும் பார்த்தேன், பெயராகவும் பார்த்தேன்.

அண்ணன் இல்லை.

மார்ச் மாதப் போட்டி விவரமும் இருந்தது. இரண்டாம் திகதி அந்தக் கிளப்புக்குப் போட்டியே இல்லை.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தது. லிந்துலை வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன் 8

ஞாயிறு காலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தேன். படிப்புக்கு ஒரு பேட்டி, அரை மணி நேரம் வேண்டும் என்றேன். அண்ணன் சிரித்தது. “எங்கிட்டயே பேட்டியா பாப்பா? கேளு.”

தாளைப் பார்த்து வாசித்தேன். அப்படி வாசிக்காவிட்டால் என்னால் கேட்டிருக்க முடியாது. வயது? இருபத்தேழு. எந்த வயதில் விளையாடத் தொடங்கினீர்கள்? ஒன்பது. ஆறு கேள்வி வரைக்கும் ஒழுங்காகப் போனது.

“ஏழாவது கேள்வி. இந்த ஆண்டு எத்தனை போட்டிகளில் விளையாடினீர்கள்?”

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“தனு. இதயும் எழுதுவியா?”

“ஒங்க சம்மதம் இல்லாம எழுத மாட்டேன்.”

“ஒண்ணும் வெளாடல.”

போன வருடம் செப்டெம்பரில் முட்டி ஜவ்வு கிழிந்ததாம். கிளப்பில் இரண்டு மாதம் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஒரு விடுதியின் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. எங்களுக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் பழையவை.

“மார்ச் ரெண்டு?” என்றேன். அது தாளில் இல்லாத கேள்வி.

“பெட்சீட் மடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“லீவு குடுக்கலையா?”

“கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க.”

நான் நன்றி என்றேன். ஆமாம், பேட்டி முடிந்ததும் எல்லோரிடமும் சொல்வதுபோல, “நேரம் ஒதுக்கியதுக்கு நன்றி.” போனை வைத்தபின்தான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ஜூன் 9

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 15

மிஸ்ஸிடம் எல்லாம் சொன்னேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவர் சம்மதிக்கும்வரை ஒரு வரிகூட உள்ளே வரக்கூடாது. சனம் என்ன நம்புறாங்க, ஏன் நம்புறாங்க, அதுதான் உங்க கேள்வி. அதை எழுதுங்க.”

“அவங்க நம்புறது பொய் மிஸ்.”

“கோல் பொய். ரோட்டுல நிக்கிற பிள்ளை பொய்யா?”

நாலாம் அத்தியாயத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாக்கியம் வந்தது. இரண்டையும் அழித்தேன்.

ஜூன் 22

இன்று ஒரு தப்புச் செய்தேன். பூரணியின் பதிவை அண்ணனுக்கு அனுப்பினேன். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் தப்புத்தான். அந்தக் குரலை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவள் நான்.

ஏன் அனுப்பினேன்? அண்ணன் சந்தோஷப்படட்டும் என்றா? இல்லை. சுடட்டும் என்றுதான். எனக்கு எதுவும் சுடவில்லை, அண்ணனுக்காவது சுடட்டும் என்று.

வட்ஸ்அப் குறி நீலமானது, அண்ணன் கேட்டுவிட்டது.

ஜூலை 1

மழை விடவில்லை. முப்பத்தோராவது வினாக்கொத்து. இருபத்து நான்கு பேர் பிரதாப்.

ஜூலை 13

அண்ணன் பேசியது. “ஆகஸ்ட் ரெண்டாந் திகதி வர்றேன். மொத்தமா வர்றேன்.”

“மாமா மாலையோட நிப்பாரு, தெரியுமா?”

“தெரியும். நீ யாருக்கிட்டயும் சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்.”

அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். “வாய்யா” என்று மட்டும் சொன்னார். பிறகு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 2

தலவாக்கலை ரயில் ஸ்டேஷன். கோச்சி முக்கால் மணி நேரம் தாமதம். செல்லசாமி மாமா, கழகத்துப் பையன்கள், பிள்ளைகள் முப்பது பேர் இருப்பார்கள். வரவேற்பு பெனர் நனைந்து எழுத்துக் கரைந்திருந்தது.

அண்ணன் பெட்டியிலிருந்து இடது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. மெலிந்திருந்தது. மாமா மாலையோடு வந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்து, “கொஞ்சம் இருங்க மாமா” என்றது. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பியது. மேடைப் பேச்சு எதுவுமில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்டவனைப்போல நின்று சொன்னது.

“எனக்கு முட்டி போயி ஒரு வருசமாகப் போகுது. கிளப்புல இருந்து அனுப்பிட்டாங்க. ஒரு எடத்துல துணி தொவைக்கிற வேல செஞ்சேன். எங்கப்பா எறந்த அன்னைக்கு நான் வெளாடல. கோலும் அடிக்கல.”

கோச்சி நானுஓயா பக்கமாக நகர்ந்து போனது.

பூரணி முன்னால் நின்றாள். “அப்ப பொய் சொன்னீங்களா?”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் முந்திக்கொண்டது. “ஆமா. மேட்ச் இருக்குன்னு சொன்னது பொய்.”

அவள் கொஞ்ச நேரம் அண்ணனின் முட்டியையே பார்த்தாள். பிறகு பெனரில் தான் பிடித்திருந்த பக்கத்தைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, படியேறி வெளியே போய்விட்டாள். மாலையை மாமா கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டார்.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டார்.

ஆகஸ்ட் 5

மீனம்மா அக்கா பைப்படியில்: “அவனும் உள்ளுக்குள்ளதான் போயிருந்திருக்கான். நம்ம புள்ளைங்க மாதிரியே.” கோபமாகச் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 10

சுற்றுப்போட்டி நடந்தது. பிரதம விருந்தினர் இல்லை. அண்ணன் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாக நின்றது. பூரணியின் அணி பெனல்டியில் தோற்றது. போகும்போது அண்ணனிடம் வந்து, “பெனல்டிக்கு எந்தக் கால வச்சு நிக்கணும்?” என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. அண்ணன் காட்டிக்கொடுத்தது. அவள் போனபிறகு, நான் அனுப்பிய பதிவில் இருந்தது அவள் குரல் என்று சொன்னேன். “தெரியும். ஸ்டேசன்ல அவ கேட்டப்பவே தெரிஞ்சிச்சு” என்றது.

பதிவை அண்ணனுக்கு அனுப்பியதை நாளைக்கு அவளிடமும் சொல்ல வேண்டும். அவள் மாட்டேன் என்றால் அந்த இருபத்திரண்டு விநாடியையும் ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 11

சொன்னேன். “எழுதிக்கங்க. ஆனா அவரு பேருக்குப் பதிலா ரோட்ட எழுதுங்க” என்றாள்.

ஆகஸ்ட் 17

அண்ணன் எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டது. நாலாம் அத்தியாயம் பதினொரு பக்கம் வந்திருக்கிறது. மத்தியானம் அதன்மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். அப்பா போனதிலிருந்து பகலில் தூங்கியது இல்லை.

அடுப்படியில் பேச்சுக் கேட்டுத்தான் விழித்தேன். அம்மாவின் குரல். இத்தனை மாதத்தில் இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை.

“மொதப் புடி மண்ணு போட நீ ஏண்டா வரல?”

அண்ணன் மெதுவாக ஏதோ சொன்னது.

“ஒரக்கச் சொல்லு. ஊருக்கெல்லாம் ஸ்டேசன்ல நின்னு சொன்னில்ல. எனக்குச் சொல்லு.”

“வந்தா எல்லாரும் என்னையதாம்மா பாப்பாங்க. மாலைதீவுக்காரன் வந்துட்டான்னு. அங்க அப்பாவப் போட்டு வச்சிருக்க, நான் நொண்டிக்கிட்டு வந்து, என்னைய பத்தி நிறைய பொய் சொல்லணும். முடியல.”

“நொண்டிக்கிட்டு வந்திருந்தா என்ன? ஒங்கப்பனும் நொண்டிக்கிட்டுத்தானே ஃபெக்டரிக்குப் போனாரு, கடைசி ரெண்டு வருசமும்.”

“எனக்கு அது தெரியாதும்மா.”

“நீ கேக்கல. நாங்களும் சொல்லல.”

பிறகு அம்மா அழுதார். சத்தம் போட்டு அழுதார். லயத்தில் பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைத்தார்கள். அண்ணனும் அழுதது. எழுந்து போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. இதை ஆய்வில் எங்கே சேர்ப்பது என்று ஒரு கணம் நினைத்தேன், பழக்கம். எங்கேயும் சேர்க்கப்போவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அவள எழுப்பு, மூணு பேரும் அப்பாவப் பொதச்ச எடத்துக்குப் போயிட்டு வந்துருவோம். இருட்டுறதுக்குள்ள” என்றார்.

நான் முழித்துத்தான் இருந்தேன். ஆனாலும் அண்ணன் உள்ளே வந்து எழுப்பும்வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். தலையணையாக இருந்த தாளில் மை நனைந்து ஊறியிருந்தது. மேலேயிருந்து மழை ஒழுகுகிறதோ என்று கூரையைப் பார்த்தேன். ஒழுகவில்லை.