மூன்று அடி பின்வாங்காத மாலை

எலூல் மாதம் 15, ஞாயிறு

இன்று ஜெபக்கூடத்தில் எனக்கு நேர்ந்த அவமானத்தை மோசே கேள்விப்பட்டிருந்தால் கற்பலகைகளை இன்னொரு முறை உடைத்திருப்பார்.

கலிலேயா மலைமேல் எங்கள் யூதக் குடியிருப்பில் நாற்பது வீடுகள். ஆப்பிள் பறிப்பு தொடங்கிவிட்டால் மாலை ஜெபத்துக்குச் சரியாகப் பத்து ஆண்கள்தான் தேறுவோம். ஒருவர் குறைந்தாலும் கூட்டு ஜெபம் கிடையாது. நின்றபடி வாய்க்குள் சொல்லும் ஜெபத்தை மற்ற ஒன்பது பேரும் முடித்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் ஏழாம் வானத்தில். கண்ணைத் திறந்தால் எதிரே செவுலூன். ஜெபக்கூடத்தின் காரியக்காரன்; முப்பது வருடமாகக் காலைதோறும் என்னோடு தல்மூத் சட்ட நூலை வாதாடிப் படிக்கிறவன்.

"இறங்கி வாடா ரஹமிம். நீ பேசிப் பேசி அவருக்கே காது அடைச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரும் சிரித்தது.

இனி எனக்கு வீட்டிலேயே ஜெபம். கடவுளும் நானும் போதும்.

எலூல் 18, புதன்

தனியாகத் தல்மூத் படித்தேன். என்னோடு நானே ஏழு முறை வாதாடி ஏழிலும் வென்றேன். இவ்வளவு சலிப்பான வெற்றியை எந்தத் தளபதியும் கண்டிருக்க மாட்டான்.

எலூல் 26, வியாழன்

இன்றைய ஜெபம்! வானம் சற்றே குனிந்து என் ஜன்னலில் எட்டிப் பார்த்தது. கண்ணீர்கூட வந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். நிற்கும் ஜெபத்தில், முடித்து மூன்று அடி பின்வாங்கும்வரை வாய் பேசக்கூடாது, கால் நகரக்கூடாது. சட்டம் சட்டம்தான். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எலூல் 27, வெள்ளி

தங்கை மகள் திக்வா வந்தாள். உட்காரவில்லை.

"நேத்து கதவத் தட்டுனது நான்தான் மாமா."

"ஜெபத்துல இருந்தேன்மா."

"நேத்து நாஸே அத்தையோட வருஷ நாள்."

நாஸே, செவுலூனின் மனைவி. இறந்து மூன்று வருடம்.

"ஒன்பது பேர் நின்னாங்க. என்னத்தான் நீங்க கணக்குலயே சேத்துக்க மாட்டீங்களே! பத்தாவது ஆள் இல்லாம அவளுக்காக கதீஷ் ஜெபத்த எப்படிச் சொல்றது? செவுலூன் மாமா சூரியன் மறையற வரைக்கும் வாசலையே பாத்துட்டு நின்னார். அப்புறம் புத்தகத்த மூடிட்டார்."

அவள் போய்விட்டாள். நாஸேயின் புளிப்புச் சூப்பும் அதில் மிதக்கும் கொழுக்கட்டையும் — என் தொப்பையில் பாதி அவள் கட்டியது. வருஷ நாளை மறந்துவிட்டேன். சரி, மறதி. ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்ற? திக்வா தட்டியபோது என் ஜெபம் முடிந்திருந்தது. மூன்று அடி பின்வாங்குவதுதான் பாக்கி. செவுலூன்தான் ஆள் அனுப்பியிருக்கான், நல்லாத் தட்டட்டும்னு நினைச்சேன். காலைச் சேத்து வச்சு அப்படியே நின்னேன்.

கடவுளையும் நேசி, அவர் புத்தகத்தையும் நேசி, பக்கத்து ஆளையும் நேசி என்று தினம் ஒப்பிக்கிற வாய் இது. முதல் இரண்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன், மூன்றாவதை அங்கேயே விட்டுவிட்டு. ஏழு வாதத்திலும் நானே ஜெயித்தேனே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும்கூட வீடு வந்து சேரவில்லை.

திஷ்ரி மாதம் 3, புதன்

பெருநோன்புக்கு இன்னும் ஏழு நாள். கடவுளுக்குச் செய்த தப்பை அந்த நாள் கழுவும். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனே மன்னித்தால்தான் உண்டு. செவுலூன் வீட்டுக்குப் போனேன். அந்த மூன்று அடி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்கிட்ட ஏன்டா கேக்குற? நீ காக்க வச்சது அவள. அவகிட்ட கேளு. எப்படிக் கேக்கணும்னு தெரியுமில்ல?"

தெரியும். இருவரும் சேர்ந்து படித்த பக்கம்தான். இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்பவன் கல்லறைக்குப் பத்துப் பேரை அழைத்துப்போக வேண்டும்.

பத்துப் பேர். பத்தில் ஒருத்தனா நிக்கத் துப்பில்லாதவனுக்கு.

திஷ்ரி 7, ஞாயிறு

வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் காரணம் கேட்டார்கள், ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். இப்போது ஊர்க் கோழிகளுக்கும் தெரியும். "பறிப்பு இருக்கே ரஹமிம் அண்ணே, பாக்கலாம்" என்றார்கள். ஒருவர்கூட வருவதாகச் சொல்லவில்லை.

திஷ்ரி 8, திங்கள்

இருபத்து மூன்று பேர்! ஆப்பிள் பெட்டி அடுக்குகிறவர்கள் அப்படியே ஏப்ரனோடு. பஸ் டிரைவர்கூட, வண்டியைப் பயணிகளோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டு. சாலொமோனின் பட்டாபிஷேகத்துக்குக்கூட இத்தனை கூட்டம் இருந்திருக்காது.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின்முன் நின்றேன். மூன்று நாளாக உருட்டித் திரட்டிய பேச்சு ஒன்று வைத்திருந்தேன். அதில் ஒரு சொல்லும் வரவில்லை. "தட்டுனது கேட்டுச்சு நாஸே. வேணும்னேதான் நின்னேன்." அவ்வளவுதான். "மன்னிக்கப்பட்டது" என்று எல்லோரும் மூன்று முறை சொன்னார்கள்.

பின்னால் ஒரு இருமல். செவுலூன்.

"நீ எதையாவது தப்பாச் செய்வன்னு பாக்க வந்தேன்."

"செஞ்சனா?"

"செருப்ப வாசல்லயே கழட்டியிருக்கணும்."

பிறகு கல்லின் மேல் கை வைத்துக் கதீஷ் சொன்னான். எங்கள் ஆமென்னுக்கு லெபனான் பக்கத்து ஆடுகள் நிமிர்ந்து பார்த்திருக்கும். அவன் என் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறிப் போனான்.

திஷ்ரி 11, வியாழன்

நோன்பு நேற்றோடு முடிந்தது. இனி கூடார விழாவுக்கு வீட்டுக்கொரு கூடாரம் கட்ட வேண்டும். காலையில் என் முற்றத்தில் தடதடவென்று பலகைகள் விழுந்தன. எட்டிப் பார்த்தால் செவுலூன், கையில் சுத்தியல்.

"ஆணியப் பிடி. நான் அடிக்கிறேன்."

"உனக்குத்தான் கண்ணு மங்கலாச்சேடா."

"அதான் உன்னப் பிடிக்கச் சொல்றேன்."

பிடித்தேன். பதினான்கு ஆணி அடித்தான். இதோ, வீங்கிப்போன அந்த விரல்களால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.