ஜெர்மன் குழாயும் என் குழாயும்

நந்தனத்தில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கடல்நீர்த் தொட்டி. உள்ளே பவளம், நீல மீன்கள், மேலே கல்யாண மண்டபம் போல விளக்கு. பராமரிப்புக்கு வந்தவர் அடியிலிருந்த அலமாரியைத் திறந்து, ஒரு குழாயின் தலையிலிருந்த கிண்ணத்தைக் கழற்றி வெளியே எடுத்தார். அறையே மூக்கைப் பொத்திக்கொண்டது. வரவேற்பில் இருந்த பெண் ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள். எனக்கு மட்டும் தெரிந்தவர் ஒருவர் உள்ளே வந்த மாதிரி இருந்தது. அழுகிய பாசி, கொஞ்சம் இறால், கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு. மயிலாப்பூரில் உங்கள் வீட்டுக் கூடத்தின் நாற்றம். நாற்றம் என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது. "வேலை நடக்கறதுன்னு சொல்லுடா" என்பாய்.

இப்போது அதை புரோட்டீன் ஸ்கிம்மர் என்று சொல்லி விதவிதமாக விற்கிறார்கள். நாம் நுரைக்குழாய் என்றோம். கடல் தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகளை விட்டால், மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அவற்றில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறிக் கிண்ணத்தில் வந்து விழும். நுரை ஏறினால் தண்ணீர் பிழைக்கும். ஏறாவிட்டால் தொட்டி நாறும், உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாகச் சாகும். இவ்வளவுதான் விஷயம். இதற்காக நாம் எழுபதுகளில் பாதியைச் செலவழித்தோம்.

நீ முதலில் என்னைத் தேடி வந்தது ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு. அக்ரிலிக்கில் பெயர்ப்பலகை செய்யும் இடம். இன்சூரன்ஸ் ஆபீஸ் சட்டையும் செருப்புமாக வாசலில் நின்று, வெட்டிப்போட்ட துண்டுகள் கிடைக்குமா என்று கேட்டாய். எதற்கு என்றேன். கடல் தண்ணீர் பட்டால் தொட்டியின் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கிறது, உள்பக்கம் மறைக்க வேண்டும் என்றாய். மயிலாப்பூர் ஐயர் வீட்டில் கடல் மீனா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. விலங்கியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த மாதத்தில் உன் அப்பா போனார். அண்ணா ஒருவர் சம்பளத்தில் வீடு ஓடாது என்று உன்னை ஆபீஸில் உட்கார வைத்தார்கள். படிப்பில் உனக்கு மிஞ்சியது அந்தத் தொட்டிதான். இதை நீ ஒரு தடவைதான் சொன்னாய், அதுவும் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே.

தொட்டியில் அதிகம் ஒன்றும் இல்லை. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரிலிருந்து தெரிந்தவர் கொண்டுவந்த இரண்டு பவளத் துண்டுகள். பூ மாதிரி விரிந்து மூடும் கடல் சாமந்தி ஒன்று. அதன் விரல்களுக்கு நடுவே வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி ஆரஞ்சு மீன். சாமந்தி பார்க்கத்தான் பூ. அதற்கு இறால் வேண்டும். உங்கள் ஆத்துக்குள் இறால் வருவதற்கு வழியே கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் உன் அண்ணா சீட்டாடப் போன பிறகு, நான் டிபன் டப்பாவில் இரண்டு இறாலைப் பொடியாக நறுக்கி எடுத்துக்கொண்டு வருவேன். உன் மன்னி கதவைத் திறப்பார். டப்பாவைப் பார்க்க மாட்டார். "உள்ள இருக்கான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தெரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

அண்ணாவுக்குத் தொட்டி ஆகாது. மூக்கு அவருக்கு அப்படி. ஒரு நாள் தண்ணீர் கலங்கிக் கூடம் முழுவதும் வீச்சம் அடித்தபோது நானும் இருந்தேன்.

"இன்னொரு தரம் இந்த நாத்தம் ஆத்துல வந்துதுன்னா தொட்டியைத் தூக்கி வாசல்ல வெச்சுடுவேன். மீனாவது மண்ணாவது. சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

அவர் சொன்னால் செய்கிற மனிதர். உன் முகம் அன்று போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் நுரைக்குழாய் பற்றிப் படித்திருந்தாய். மறுநாளே அதன் படத்தை ஆபீஸ் தாளின் பின்பக்கம் வரைந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாய்.

நான் ஒன்று செய்கிறேன் என்றேன். அந்த வருஷம் நான் செய்தது எதுவும் தேறவில்லை என்பது உனக்குத் தெரியும். அடித்த பெயர்ப்பலகைகள் வளைந்து திரும்பி வந்தன. ஊரில் பேசி வைத்திருந்த பெண் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். தி. நகரில் துணிக்கடை வைத்திருந்த மாமா, அவர் கடை மாடியில்தான் நான் தங்கியிருந்தேன், சாப்பாட்டு வேளையில் என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி உருட்டி, ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய் செய்தேன். குமிழி பொடியாக வர அடியில் மரக்கட்டை வேண்டும். பல மரம் பார்த்துக் கடைசியில் கல்யாண முருங்கைதான் சரியாக வந்தது. பட்டறை முதலாளி ஒரு நாள் நின்று பார்த்தார். "இன்னா நைனா, மீனுக்கு சிம்னியா? பாக்க ஷோக்காத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷத்தில் நான் கேட்ட ஒரே பாராட்டு அதுதான்.

என் குழாய் முடிகிற நேரத்தில் உன் மன்னியின் தம்பி, கப்பலில் இன்ஜினியர், ஜெர்மனியிலிருந்து அசல் நுரைக்குழாய் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். முழங்கை நீளம்தான். தொட்டியின் மூலையில் மாட்டினால் தெரியக்கூடத் தெரியாது. திங்கட்கிழமை அவர் பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டும். உனக்கு வேண்டாமென்றால் அங்கே கேட்டு வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். நம்மிடம் இருந்தது ஒரே ஒரு காற்றுப் பம்பு, அது இரண்டை ஊதாது. ஆகவே ஏதாவது ஒன்று. சனிக்கிழமை ஜெர்மன் குழாய், ஞாயிற்றுக்கிழமை என் குழாய், எது நன்றாக நுரைக்கிறதோ அது என்று நீதான் வகுத்தாய். நான் சரி என்றேன். பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். அன்று ராத்திரி மாடியில் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் வந்தபோது நீ கை வைத்த பனியனோடு, ஈரத் தலையைத் துவட்டியபடி இருந்தாய். ஜெர்மன் குழாயை எடுத்து, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, மூலையில் மாட்டிப் பம்பைப் போட்டாய். குமிழி வந்தது, கொப்பளித்தது, உடைந்தது. நுரை ஏறவேயில்லை. வால்வைத் திருகினாய், மேலே தூக்கினாய், கீழே இறக்கினாய். ஒவ்வொரு தரமும் கை உள்ளே. சாயங்காலம் வரை கிண்ணம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஜெர்மன்காரனையும் நம்ப முடியாது போலிருக்கிறது என்று நான் சொன்னேன். வருத்தமாகச் சொன்னதாக நினைவு. காலையில் கழற்றிக்கொள்ளலாம் என்று அதை அப்படியே ஓடவிட்டாய்.

மறுநாள் பத்து மணிக்கு நான் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். உங்கள் வீட்டில் ஜெர்மன் குழாய் ஏற்கெனவே துடைத்து, டப்பாவுக்குள் படுத்திருந்தது. "ராத்திரி ஏதாவது வந்துதா?" என்றேன். "ஒண்ணும் வரலைடா" என்றாய். பிறகு நான் என் குழாயைத் தொட்டிக்குள் இறக்கினேன். நீ பம்பைப் போட்டாய். ஒரு மணி நேரத்தில் பழுப்பு நுரை கழுத்து வரை ஏறிக் கிண்ணத்தில் சொட்ட ஆரம்பித்தது. நீ என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய். அண்ணா எட்டிப் பார்த்து, "இந்தத் தூணை எங்கே நிறுத்தப்போறேள்?" என்றார். திங்கட்கிழமை டப்பா பம்பாய்க்குப் போனது.

ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் என் குழாயில் நுரை சுத்தமாக அடங்கிவிட்டது. ஞாயிறு வந்தது, தானாக ஏறியது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. இறால் போடுகிற நாளில் நுரை நின்றால் கேட்க வேண்டுமா? சீட்டாட்டம் முடிந்து வந்த அண்ணா செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று முகர்ந்தார். "வர்ற சனிக்கிழமை. அதுதான் கடைசி" என்றார். நான் கரண்டைச் சந்தேகப்பட்டேன். முருங்கைக் கட்டையை மாற்றினேன். ஒட்டிய இடத்தை மறுபடி ஒட்டினேன். நீ சாமந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது பாதி சுருங்கியிருந்தது.

அந்தக் கடைசி சனிக்கிழமை நீ பாசி சுரண்டக் கையை உள்ளே விட்டபோது, ஜன்னல் வெளிச்சம் தண்ணீர் மேல் சாய்வாக விழுந்தது. மேல்பரப்பில் ஒரு மினுமினுப்பு மெல்ல விரிந்தது. ரசத்தில் தாளிப்பு மிதப்பதைப் போல. நான் உன் முழங்கையைப் பார்த்தேன்.

"ஏல, தலைக்குக் குளிச்சியா?"

"சனிக்கிழமை. வேற என்ன பண்ணுவா? எங்காத்துல எண்ணெய் தேய்ச்சுக்காம அண்ணா சாதம் போட விடமாட்டார்."

"கையை வெளிய எடு முதல்ல."

சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் நல்லெண்ணெய் உடம்பை விட்டு முழுவதும் போகாது. எண்ணெய் பட்ட தண்ணீரில் நுரை நிற்காது. எச்சில் பாத்திரம் தேய்க்கிற வீடு அத்தனையிலும் தெரிந்த சங்கதி. சனிக்கிழமை அரை நாள் லீவில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தொட்டியைக் கவனித்தால் என்ன ஆகும் என்று எந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் எழுதுவான்? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மேல் தண்ணீரைத் துணி போட்டு ஒற்றி எடுத்தோம், ஊதுவத்தி கொளுத்தினோம், அண்ணா வருவதற்குள் எப்படியோ சமாளித்தோம். அதன் பிறகு சனிக்கிழமைகளில் தொட்டிக்குள் கை விடுவது என் பொறுப்பாயிற்று. எனக்கு எண்ணெய் தேய்த்துவிட ஊரில்தான் ஆள் இருந்தது.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "அப்ப அந்த ஜெர்மன் குழாய் நல்ல குழாய்தானே? அதையும் சனிக்கிழமைதான போட்டுப் பாத்தோம்?" என்றேன். நீ கையைத் துடைத்துக்கொண்டே, "அது நம்ம பம்புக்கு ஒத்துவராதுடா. விடு" என்றாய். எண்ணெய் விஷயம் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. நீ அதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எனக்கு அது அப்போது கொஞ்சம் குறையாகக்கூட இருந்தது.

தொட்டி பிழைத்தது. நீ மாற்றலாகி மதுரைக்குப் போகும்வரை கூடத்தில்தான் இருந்தது. போவதற்கு முன்னால் சாமந்தியையும் மீன்களையும் வாளியில் வைத்துக் கோவளத்துப் பாறைகளுக்குக் கொண்டுபோய் விட்டோம். அதுவரை என் குழாய் உன்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மரக்கட்டை ஊறி அடைத்துக்கொள்ளும். கழுத்தில் உப்புக் கட்டும். விடியும்போது ஒரு தரம் வால்வைத் திருகாவிட்டால் கிண்ணம் வழிந்து தரையெல்லாம் ஓடும். இதனால் நீ வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஒரே ஒரு காலைக்கு வால்வை மன்னியிடம் ஒப்படைத்துவிட்டு என் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி வந்தவன், முகூர்த்தம் முடிந்ததும் கைகூட நனைக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாய். எனக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. வெகுநாள் இருந்தது.

பல் மருத்துவரிடம் போய் வந்த வாரமே, திருவான்மியூரில் மகள் வீட்டில் இருக்கும் உன் அண்ணாவைப் பார்க்கப் போனேன். வயதாகிவிட்டது, காது மந்தம், மூக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நந்தனத்துக் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"அதெல்லாம் ஒரு நாத்தமா? அந்தக் கப்பல்காரன் கொண்டுவந்தானே ஒண்ணு, அதுதான் நாத்தம். ஞாயித்துக்கிழமை கார்த்தால பால் வாங்கக் கிளம்பறேன், இவன் கிணத்தடியில ஒக்காந்துண்டு அதை அலம்பிண்டிருக்கான். கிண்ணம் நெறையக் கரேல்னு இருக்கு. என்னடா இதுன்னேன். 'மெல்லப் பேசு அண்ணா, ராத்திரி பூரா பிரமாதமா வேலை செஞ்சிருக்கு'ங்கறான். அப்புறம் பாத்தா அதையே தொடைச்சு டப்பாவுல வெச்சு மூடறான். வேலை செய்யறதை எதுக்குடா திருப்பிக் குடுக்கறேன்னு கேட்டா, டப்பாவைக் கயறு போட்டுக் கட்டிண்டிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குழாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்த நேரம்.

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். முதலில் வந்தது கோபம்தான், மறைக்கவில்லை. அந்தத் தொட்டி போனால் உனக்கு வேறென்ன இருந்தது? அண்ணா வாசலில் நின்று முகர்ந்துகொண்டிருந்த நாட்களில், நல்ல குழாயைப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டு என் சிம்னியைக் கட்டிக்கொண்டு அழ உன்னை யார் கேட்டது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஜெர்மன் குழாயையே வைத்துக்கொள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேனே என்று பஸ்ஸில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

அடையாறு பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. நெரிசல். அங்கே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருப்பேன், அது நிஜம். சிரித்துக்கொண்டும் சொல்லியிருப்பேன். குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பேன். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். எனக்கே இப்போதுதான் தெரிகிற இந்த விஷயம், கிணற்றடியில் உட்கார்ந்திருந்த உனக்கு அன்று காலையிலேயே தெரிந்திருக்கிறது.