கொடைக்கார ஐயாவுக்கு ஒரு கட்டிச் சூடம்

அன்பின் மாரிமுத்து,

உயிரோடு இருந்தபோது உமக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதுவானேன்? ஒரே கந்தோரில் பதினெட்டு வருஷம் அடுத்தடுத்த மேசையில் வேலை. சொல்ல வேண்டியதைத் தேநீர் நேரத்தில் சொல்லி, சொல்லக் கூடாததையும் சேர்த்தே சொல்லித் தீர்த்தோம். இப்போது நீர் போய் ஆறு மாதம் ஆகிறது. எனக்குப் பேச ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

"நீர்" என்று தொடங்கியதற்குக் கோபிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நெருங்கியவர்களை மரியாதையோடு அப்படித்தான் கூப்பிடுவோம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நீர் கேட்டால்தானே. "அண்ணே, நீன்னே சொல்லுங்க. நீர்னு சொன்னா சார்ஜ் ஷீட்டு குடுக்கிற மாதிரி இருக்கு" என்பீர். கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த உமக்கு என் தமிழ் சிரிப்பு, எனக்கு உம்முடைய தமிழ் சிரிப்பு. "கொடைய எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று நீர் எழும்பும்போதெல்லாம், "ஆருக்குக் கொடை வழங்கப் போறீர் மாரிமுத்து? குடை எண்டு சொல்லும்" என்று திருத்துவேன். கண்டி மழையை நம்ப முடியாது என்று அந்தக் கறுப்புக் குடையை நீர் வெயில் நாளிலும் கைவிட்டதில்லை.

ஊர்ப் புதினம் கேட்பீர். சண்டை நிற்கவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இன்னொரு சோதனைச் சாவடி போட்டிருக்கிறார்கள். கை நீட்டுகிறவர்களும் கூடிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் ஊன்றுகோலோடு இருப்பவன் முன்பு சிப்பாயாக இருந்தவனாம். பஸ்ஸுக்குள் ஏறி, ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைக் காட்டிப் பாடுகிறவர்கள் ஒரே பயணத்தில் மூன்று பேர். வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. ஓய்வூதியத்தில் இருக்கிற நான் யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? வீட்டை விட்டு வெளிக்கிட்டாலே களைத்துப்போகிறேன் மாரிமுத்து. கொடுத்தாலும் களைப்பு, கொடுக்காமல் வந்தாலும் களைப்பு.

உமக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. கை நீட்டினால் கொடுத்தீர், அவ்வளவுதான். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டீர். குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடிப்பீர், தெருவில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நானோ விசாரணைக் கமிஷன். எந்த ஊர், பிள்ளைகள் இல்லையோ, வேலைக்குப் போனால் என்ன, நேற்றும் இதே கதையைத்தானே சொன்னாய்? ஒருநாள் பஸ்ஸில் ஒருவன் நீட்டிய ஆஸ்பத்திரித் துண்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டி வாசித்து, "இது பல்லுப் பிடுங்கினதுக்குக் குடுத்த துண்டு" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னேன். நீர் அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினீர்.

"நம்ம ஆபீஸ்ல பியோன் வேலைக்குக்கூட இத்தன கேள்வி கேக்கலண்ணே. பல்லு வலியும் வலிதானே?"

கேட்டுக் கொடுத்தால்தான் தகுந்த ஆளுக்குப் போய்ச் சேரும் என்று நான் வாதாடினேன். "தகுதி பாத்துத்தான் குடுக்கணும்னா நமக்கு யாருண்ணே குடுத்திருப்பா?" என்று சிரித்தீர். அதற்கு மேல் நீர் போகவில்லை. போயிருக்கலாம்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நாம் இருவரும் குடும்பங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் அகதிகளாகக் கிடந்தோமே, அதைச் சொல்கிறேன். தட்டோடு வரிசையில் நின்றபோது சோறு போட்டவர் ஊர் எது, வீட்டில் எத்தனை பேர், நேற்று எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் அகப்பையைத் தூக்கினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மூலையில் போய் இருந்தேன். நீர் உம்முடைய தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தீர். ஆளுக்குப் பாதி தின்றோம்.

அந்தச் சோற்றைத் தின்ற நான் எப்படி மற்றவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்கிற ஆளானேன்? நீர் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் நினைத்திருப்பீர், இல்லையா?

சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த அம்மாவின் கதைக்கு வரப் பயந்துதான்.

மார்க்கெட் வாசல் படியில் பச்சைச் சேலையோடு இருப்பாரே, "பின் சித்த வெனவா மாத்தயா" என்று சிங்களத்தில் கேட்பாரே, புண்ணியம் கிடைக்கும் ஐயா என்று. நீர் தினமும் கொடுத்தீர். நான் சிங்களத்தில் நாலு கேள்வி கேட்டு, பதில் வராமல், அரை மனதாகக் கொடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பின்னேரம். கொழும்பில் குண்டு வெடித்து இரண்டு நாள். கண்டியில் தெருவில் தமிழ் பேச எல்லாரும் யோசித்த நேரம். நாம் கந்தோர் விட்டு வந்துகொண்டிருந்தோம். அந்த அம்மா எழும்பும்போது ஈரப் படி வழுக்கி விழப்போனார். "ஐயோ முருகா!" என்று வாயில் வந்துவிட்டது.

எனக்குப் புதையல் எடுத்த சந்தோஷம். "நீங்கள் தமிழோ? இவ்வளவு நாளும் சொல்லேல்லையே! எந்த ஊர்?" என்று கத்தினேன். கத்தித்தான் கேட்டேன், இன்று அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. தனக்கு ஒன்றும் தெரியாது என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பத்தடி தள்ளி நின்ற இரண்டு பொலிஸ்காரர் எங்களைப் பார்த்து வந்தார்கள். என்னிடம் அடையாள அட்டை இருந்தது, கந்தோர்க் கடிதமும் இருந்தது. இரண்டு கேள்வியோடு விட்டார்கள். அவரிடம் ஒன்றுமில்லை. தோட்டத்தில் பிறந்து பதிவில்லாமல் கிழவியானவருக்கு அட்டை எங்கிருந்து வரும்? ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போதும் அவர் சிங்களத்திலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நீர் என்னிடம் கோபித்தது அன்று மட்டுந்தான். "அந்தச் சிங்களந்தாண்ணே அவங்களுக்குச் சோறு போட்டுச்சு. அதையும் புடுங்கிட்டீங்களே."

நீர் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனீர். நான் வரவில்லை. என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது, நான் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்றேன். அது உண்மை. நான் பயந்தேன் என்பதும் உண்மை. நீர் மூன்று நாள் அலைந்து, கலஹாவில் யார் யாரையோ பிடித்து, இன்ன தோட்டத்தில் பிறந்தவர் என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தீர். நான்காம் நாள் விட்டார்கள். இனிக் கண்டி வேண்டாம் என்று கடுகண்ணாவைக்குக் கூட்டிப் போனீர். அங்கே உமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், கடைக்குப் பின்னால் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்.

நானும் ஒருக்கால் வந்து பார்க்கட்டோ என்று கேட்டேன். "வேணாண்ணே. உங்களப் பாத்தா பயந்துருவாங்க" என்றீர். அதன் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு நீர் மட்டும் குடையும் சோற்றுப் பார்சலுமாக ரயில் ஏறினீர். சாகிறவரை தவறவிடவில்லை.

நெஞ்சுவலி வந்து நீர் ஒரே நாளில் போனபோது என்னால் நம்ப முடியவில்லை. செத்த வீட்டில் அழக்கூட வரவில்லை. பிறகு ஒரு முதல் ஞாயிறு வந்தது, போனது. அப்படி ஐந்து. ஒவ்வொன்றும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. நான் போனால் அந்த அம்மா பயந்துவிடுவார், நீரே சொன்னீர். போகாவிட்டால் நீர் கைவிட்டுவிட்டீர் என்று நினைப்பாரே? யாரிடமாவது காசு கொடுத்தனுப்பலாமா? அது அவருக்கு நல்லதா, எனக்கு வசதியா? உம்மைக் கேட்காமல் நான் எதைத்தான் முடிவு செய்திருக்கிறேன்?

போன மாதக் கடைசியில் உம்முடைய வீட்டுக்குப் போனேன். உம்முடைய மனைவி தேநீர் தந்துவிட்டு அலுமாரிக்குப் பின்னால் இருந்து குடையை எடுத்து வந்தார். "இந்தக் கொடைய நீங்க வச்சுக்குங்கண்ணே. இங்க இருந்தா பாத்துப் பாத்து அழுகதான் வருது" என்றார். கைப்பிடியில் நீலக் கம்பி சுற்றிய அதே குடை. அதற்குப் பிறகு சாட்டுச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை.

நேற்று முதல் ஞாயிறு. போனேன்.

கடுகண்ணாவையில் தூறல். ஸ்டேஷனை விட்டு இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். நீர் சொல்லியிருந்த கடையின் தாழ்வாரத்தில் சாக்கு விரித்து அந்த அம்மா இருந்தார். தூரத்திலேயே கண்டு எழும்பிவிட்டார். இரண்டு கையாலும் சேலையைச் சரிசெய்தார். வாயில் பல் இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு விளங்கிவிட்டது. குடையைக் கண்டு நீர் என்று நினைத்துவிட்டார். அந்த இடத்திலேயே திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

கிட்டப் போய்க் குடையை நிமிர்த்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது. என்னை அவர் மறக்கவில்லை. சாக்கில் மெல்ல உட்கார்ந்து, பார்வையை நிலத்தில் போட்டு, "பின் சித்த வெனவா மாத்தயா" என்றார்.

சோற்றுப் பார்சலை வைத்தேன், ஒரு நோட்டும் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டார். சுகமாக இருக்கிறீங்களோ, இவ்வளவு நாளும் சாப்பாட்டுக்கு என்ன செய்தீங்கள் என்றெல்லாம் வாய்க்குள் வந்தது. விழுங்கிக்கொண்டேன். திரும்பி நாலடி வைத்திருப்பேன். பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல், ஆனால் தமிழ்.

"சாமி... கொடைக்கார ஐயா வரலீங்களா?"

குடையைத்தான் சொன்னார். உங்கள் ஊர்த் தமிழில் குடைக்கு அதுதான் பெயர், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த நடுத்தெருவில் எனக்கு மற்றக் கொடையும் சேர்ந்து கேட்டது. உம்மை ஆயிரம் தரம் திருத்திய நான், அதைத் திருத்தவில்லை.

"அவர் மோசம் போயிட்டார் அம்மா. ஆறு மாசமாகுது" என்றேன்.

அழவில்லை. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான் கொடுத்த அதே நோட்டை எடுத்து நீட்டினார்.

"ஐயா பேருல ஒரு கட்டிச் சூடம் வாங்கிக் கொளுத்துங்க சாமி. நான் கண்டிப் பக்கமெல்லாம் வர மாட்டேன்."

வேண்டாம் அம்மா, என்னுடைய காசில் கொளுத்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தட்டு ஞாபகம் வந்தது, நான் கவிழ்த்து வைத்த தட்டு. இன்னொரு தரம் கவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். என் பெயர் என்ன, எந்த ஊர், உண்மையிலேயே கொளுத்துவேனா என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், அப்படியே உம்மைப்போல. திரும்பி வரும் ரயிலில் உமக்காக முதல்முறை அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஏன் என்று கேட்காதது நல்லதாயிற்று.

மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அத்தனை கைகளையும் கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஆனால் கட்டுக்கலைப் பிள்ளையார் முன்னால் அந்த நோட்டிலேயே வாங்கிய சூடம் உம்முடைய பெயரில் எரியும். அடுத்த முதல் ஞாயிறும் நான் ரயில் ஏறுவேன், அதற்கடுத்ததும் ஏறுவேன். ஸ்டேஷனில் இறங்கியதும் குடையை மடக்கிவிடுவேன், நீர்தான் வருகிறீர் என்று அந்த அம்மா இன்னொரு தரம் ஏமாறக் கூடாது. அவர் பேசினால் பேசுவேன். எந்த ஊர் என்று மட்டும் கேட்க மாட்டேன். இது வாக்கு.

பதினெட்டு வருஷமாக நீர் கேட்டும் நான் கொடுக்காத ஒன்று இருக்கிறது. அதையும் கொடுத்துவிடுகிறேன். நீ போய் நிம்மதியாக இரு, தம்பி.

உன் அண்ணன்,
சிவஞானம்