கோப்பெங் வீட்டு டிரிப் சுவிட்ச்

பவித்ரன் அப்பாவுக்கு, கலாதேவி வணங்கி எழுதுவது. முருகன் அருளால் ஜொகூரில் நானும் மகளும் பேரனும் சுகம். உங்கள் முட்டி வலி எப்படி?

நேற்று இங்கே குளியலறை ஹீட்டரைத் தொட்டதும் கரண்ட் கையை லேசாகச் சுண்டியது. உடனே டிரிப் சுவிட்ச் விழுந்து கரண்டை நிறுத்திவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை. பார்க்க வந்த வயர்மேன் மார்கஸிடம் புதிய வயரிங் விதிகளைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"ஹீட்டருக்குத் தனி டிரிப் சுவிட்ச் வேணும்க்கா. இருக்கறதயும் கழட்டிட்டா ஆளு போய்டும் லா," என்றார்.

இடி இடிக்கும்போதெல்லாம் டிரிப் விழுந்து சாமி பல்பு அணைகிறதென்று, கோப்பெங்கில் நம் வீட்டில் அதைக் கழற்றி நேரடியாக இணைக்கச் சொன்னது நான்தான். தவறு என்னுடையது. நாளைக்கே லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து, கழற்றியதையும் ஹீட்டருக்குத் தனியாக ஒன்றையும் மாட்டுங்கள். அதுவரை பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். சாமி கொஞ்ச நேரம் இருட்டைப் பொறுத்துக்கொள்வார்.

பேரன் அழுகிறான். மாட்டியதும் போன் போடுங்கள். சும்மாவும் போடுங்கள்.

கலாதேவி