டப்பாவில் விழுந்த கறுப்புப் பொத்தான்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தொலைபேசியில் என்னோடு மல்லுக்கு நின்றாயே, மக்களாட்சி நிலைக்காது, ஜனங்களே ஒரு கொடுங்கோலனைத் தேடிப்பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்று. நானும் விடாமல், எங்க சலவைக்கூடத்துக்கு வந்து பாருடி, முப்பத்தொரு பேரும் வருஷா வருஷம் ஓட்டுப் போட்டுத்தான் தலைவியை வைக்கிறோம், எவளும் ராணியாகலை என்று கத்தினேன். மூன்று வருடமாகத் தலைவி நான்தான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினேன்.

இந்த வருடக் கூட்டத்தில் வண்டியோட்டி எழுந்து, எதுக்கு வீணா தேர்தல், அக்காவே நிரந்தரமா இருக்கட்டும் என்றார். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கையைத் தூக்குங்க, முடிச்சுடலாம் என்று நானே சொன்னேன். முப்பது கையும் உயர்ந்தன. இஸ்திரிக்காரி மட்டும் தூக்கிய கையை இறக்காமலே, வழக்கப்படி பொத்தானும் போட்டுடலாமே அக்கா என்றாள். துணிகளிலிருந்து உதிரும் பொத்தான்களைச் சேர்த்து வைத்திருப்போம். சரி என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு, திரைக்குப் பின்னால் போய் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும், எழுதத் தெரியாதவர்களுக்காக வந்த வழக்கம். அதெல்லாம் வேண்டாம் என்று வாயெடுத்தேன், அந்த நேரம் பார்த்து நீ சொன்னது நினைவுக்கு வந்து தொலைத்தது, மூடிக்கொண்டேன். டப்பாவைக் கவிழ்த்தால் கறுப்பு இருபத்திரண்டு! வெள்ளை ஒன்பது, அதில் ஒன்று நான் போட்டது.

முதலில் அழுகைதான் வந்தது. கையைத் தூக்கியவர்கள் எல்லாம் எனக்குப் பயந்து தூக்கியிருக்கிறார்கள், அது எனக்கே தெரியவில்லை. நீ சொன்ன கொடுங்கோலன் வேறு யாருமில்லை, உன்னைப் பெற்றவள்தான். ஆனால் அவளை இறக்க ஒரு பிஸ்கட் டப்பா போதுமாக இருந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய்? பாதி நீ ஜெயித்தாய், பெரிய பாதி நான் ஜெயித்தேன். அன்றைக்கே ஒவ்வொரு பெயராகச் சொல்லி, அதே டப்பாவில் பொத்தான் போட்டுத் தேர்தலையும் முடித்தோம். இஸ்திரிக்காரிதான் இப்போது தலைவி, அவளுடைய இஸ்திரி மேசையில் நான். நேற்று கொதிகலன் சரியில்லை என்று அவளிடம் சத்தம் போட்டேன், உடனே நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். என் காலத்தில் ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம், அப்பா என்னை விநோதமாகப் பார்க்கிறார்.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. ஒன்று மறக்காதே, உன் கோட்டிலிருந்து பொத்தான் உதிர்ந்தால் எறிந்துவிடாமல் அனுப்பு. கறுப்பாக இருந்தால் ரொம்ப நல்லது. அடுத்த வருடம் நான் மறுபடி நிற்கிறேன், அவர்களுக்குப் பற்றாமல் போய்விடக் கூடாது.

இப்படிக்கு,
பதவி போன பெருமையோடு,
உன் அம்மா