தக்காளி குரூப்

கெசியா அப்பாவுக்கு,

வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவீர்கள். அதனால்தான் துபாய் திரும்பும் அனீஸ் தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

தோட்டக்கலை ஆபீசின் தக்காளி குரூப்பில் உங்கள் நம்பர்தான் இருந்தது. மழை வருகிறது, பழுத்ததைப் பறித்துவிடுங்கள் என்று அவர்கள் போடுவார்கள். வேலை முடிந்து நீங்கள் அதை எனக்கு அனுப்பும்போது இங்கே பழம் வெடித்துக் கிடக்கும்.

இந்த நடவுக்கு முன்னால் நானே ஆபீசுக்குப் போனேன்.

"வீட்டுக்காரர் வரலீங்களா?" என்றார் மேடம்.

"அவர் துபாயில இருக்காருங்க. தோட்டம் பாக்கறது நானுங்க."

உங்கள் நம்பரை எடுத்துவிட்டு என்னுடையதைச் சேர்த்தார். அவர்கள் சொன்னபடி குச்சி நட்டுச் செடியைத் தூக்கிக் கட்டினேன். காய் மண்ணில் படவில்லை, அழுகவும் இல்லை. கிணத்துக்கடவு மார்க்கெட்டில் ஒரு பெட்டியைக்கூடக் கழிக்கவில்லை. கெசியாவின் காலேஜ் பீஸை அதிலேயே கட்டிவிட்டேன். நீங்கள் அனுப்பிய பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது.

நம்பரை எடுத்ததிலிருந்து உங்களிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. இத்தனை வருடமும் எனக்கு எழுதிக்கொண்டிருந்தது தோட்டக்கலை ஆபீஸ்தான் போலிருக்கிறது.

தக்காளியைப் பற்றி இனி எனக்கே வந்துவிடும். நீங்கள் வேறு ஏதாவது எழுதுங்கள்.

தோட்டத்திலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி