அலுமாரியில் இருந்த எண்ணெய்

சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையில் எண்ணெய் மணம் நிற்கிறது. மீன் மணம் என்றால் பரவாயில்லை, கற்பிட்டி மீன் வியாபாரிக்கு அது கூடப்பிறந்தது. இது உன் தலைமுடியின் மணம். இன்று மத்தியானம் வரைக்கும் அது எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதை உனக்கு எந்த முகத்தோடு சொல்வது?

நீ மவுத்தாகி என்னைத் தனியாக விட்டுப் போன நாளிலிருந்து மகள் ஒரே பிடியாக நிற்கிறாள். நான் சிலாபத்துக்குப் போய் அவளோடு இருக்க வேண்டுமாம். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. எனக்குச் சமைக்கத் தெரியும், என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். "அப்ப ஒரு நாளைக்கு ஆக்கித் தாங்க வாப்பா, பாப்பம்" என்றாள். இன்று அவளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள்.

விடியவே துறைக்குப் போய்ப் பாரை மீன் வாங்கினேன். சோறு குழையவில்லை. பருப்பும் பரவாயில்லை. மீனைப் பொரிக்கப் போனால் அடுப்படிப் போத்தலில் எண்ணெய் அடியில் ஒட்டிக் கிடந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு வீடெல்லாம் தேடினேன். அலுமாரிக்குள் உன் சீப்புக்குப் பக்கத்தில் இன்னொரு போத்தல், அடுப்படியில் இருந்ததைப் போலவே பழைய நெல்லி ரசப் போத்தல், அரைவாசிக்கு எண்ணெய். எனக்காக எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று உருகிப்போனேன். கறிக்கு ஊற்றும் எண்ணெயை எந்தப் பெண் சீப்புக்குப் பக்கத்தில் வைப்பாள் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. முழுவதையும் சட்டியில் ஊற்றினேன். வீடு கமகமவென்று மணத்தது. என் கைப்பக்குவம் என்று நினைத்தேன்.

மகள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெறும் போத்தலோடு வந்தாள்.

"வாப்பா, இது உம்மாட தலைக்கு வைக்கிற எண்ணெ. ஆஸ்பத்திரிக்குப் போக முந்திக் காய்ச்சினது. கடைசிப் போத்தல்."

மருமகனின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது. நல்ல பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினார். மகள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன். அவள் விரல்களை மூக்கில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நேற்றுப் பிடித்த மீனையும் இன்று பிடித்த மீனையும் மணத்தாலேயே பிரிப்பேன் என்று துறையெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். நாட்டில் சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு மன்னார் வரைக்கும் போய் அந்தப் பீற்றலை அவிழ்த்துவிட்டவன். உன் பக்கத்தில் இத்தனை காலம் படுத்து எழும்பியவன். பிள்ளை ஒரு வாய் மீனில் கண்டுபிடித்ததை என் மூக்கு பிடிக்கவில்லை. வெட்கத்தில் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"நான் வாறன் மகள். உங்களோடயே வந்து இருக்கன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அதற்குச் சந்தோசப்படவில்லை. "வாங்க வாப்பா. ஆனா உம்மா இதுக்கு என்னென்ன போட்டுக் காய்ச்சுவா? எனக்கு ஒருநாளும் காட்டித் தரல்ல. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

இருந்தேன்தான். நீ தேங்காய் துருவி, பால் பிழிந்து, பின்வளவு அடுப்பில் வேர்க்க வேர்க்கக் காய்ச்சிக்கொண்டு நிற்பாய். நான் கதிரையில் இருந்துகொண்டு தேத்தண்ணி இன்னும் வரவில்லையா என்று கேட்பேன். சட்டிக்குள் ஒருநாளாவது எட்டிப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. ஒருநாள் நீ குளித்து எண்ணெய் வைத்துத் தலைவாரிவிட்டு எனக்குச் சோறு போடக் குனிந்தாய். "என்ன, கறிக்குக் கறிவேப்பிலை கூடுதலாப் போட்டியா?" என்று கேட்டேன். நீ அகப்பையை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "உங்களுக்குக் கறிதான் மணக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். ஏன் சிரித்தாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பசி.

"கறிவேப்பிலை" என்றேன் மகளிடம்.

அடுத்ததையும் சொல்வேன் என்று அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.